ராஜி அக்கா வாங்கிய சரவெடி

தீபாவளி முடிந்த நான்காம் நாள் காலை. தையல் மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். முதலாளியின் மனைவிக்கு போன் வந்தது. பேசி முடித்துவிட்டு எங்களைப் பார்த்தார். "ராஜி போயிட்டாளாம். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலயே." பக்கத்து மிஷினில் ராஜி அக்கா பாதியில் விட்டுப்போன பச்சை ரவிக்கை, ஒரு கை மட்டும் வைத்துக் கிடந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. இன்னும் போகவில்லை. எனக்குப் பேச வராது என்று அக்காவைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரத்தநாட்டுக் கடைத்தெருவில் இருக்கும் இந்தத் தையல் கடைக்கு வந்தேன். வந்த முதல் மாதமே ஓர் அம்மா, ரவிக்கை இறுக்கிப் பிடிக்கிறது என்று என் மடியில் விட்டெறிந்தார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அக்கா தன் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். "அளவு ரவிக்கை நீங்க குடுத்ததுதானேம்மா? அது உங்க கல்யாணத்துக்குத் தைச்சதா? துணி சுருங்கல, நீங்கதான் வளந்துட்டீங்க." அந்த அம்மாவே சிரித்துவிட்டார். அவர் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினார். "வாய்க்குள்ள என்னடி, கொழுக்கட்டையா?"

அவருக்கு இளைப்பு உண்டு. பஞ்சுத் தூசி பறந்தாலே மூச்சு வாங்கும். இடுப்பில் ஒரு இன்ஹேலர் எப்போதும் செருகியிருக்கும். "கட்டினவன் பாதியில விட்டுட்டுப் போனான். இது ஒண்ணுதான் இடுப்ப விட்டு நகராம இருக்கு" என்று சொல்லிச் சிரிப்பார். ஐப்பசி மழையில் இளைப்பு அதிகமாகும். மழைக்கு முன்பே வந்து காட்டும்படி தஞ்சாவூர் டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கும் புது இன்ஹேலருக்கும் தீபாவளி போனஸை வைத்திருப்பதாக அக்காவே என்னிடம் சொன்னார்.

ஆனால் ஆவணியில் அவருடைய மகள் கவிதாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. தலை தீபாவளிக்கு மகளும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. தீபாவளியன்று வெடித்த காகிதக் குப்பையை மத்தியானம் வரை யாரும் பெருக்க மாட்டார்கள். தெருவில் போகிறவர்கள் ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டு போவார்கள். எந்த வாசல் அதிகமாகச் சிவந்து கிடக்கிறதோ அந்த வீட்டுக்கு மரியாதை. அக்கா வீட்டுக்கு எதிர்வீட்டு மங்களம் பெரியம்மா கடைக்கே வந்து அக்காவிடம் கேட்டார். "போன வருஷம் எங்க மாப்பிள்ளை வந்தப்ப வாசல்ல கால் வைக்க எடமில்ல ராஜி. நீ என்ன பண்ணப்போற? ஆம்பளை இல்லாத வீடுன்னு வெறும் வாசலா கெடந்துடப்போவுது." வாடிக்கையாளர் ஒருவரையும் விடாத அக்கா, இதற்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பித்தான் துளையைத் தைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் என்னைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு வெடிக்கடைக்குப் போனார். வயலோரம் தகரம் போட்ட கடை. கடைக்காரர், "தலை தீபாவளியா? அப்ப பத்தாயிரம் வாலா இல்லாம எப்புடிக்கா?" என்றார். அக்கா ஒன்று எடுத்தார். பிறகு இன்னொன்றும் எடுத்தார். நான் மெதுவாக, "மருந்து வாங்கணும்னு சொன்னீங்களேக்கா" என்றேன். "வாங்கிக்கலாம், எங்க ஓடிப்போவுது? நீ சும்மா வா." நான் சும்மா வந்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்ததும் நான்தான்.

தீபாவளி விடியற்காலையில் மழை பெய்து விட்டிருந்தது. ஈரக் காற்றில் புகை மேலே ஏறவில்லை. தெருவிலும் நடவு வயலிலும் அப்படியே படுத்துக் கிடந்தது. முறுக்குத் தட்டோடு அக்கா வீட்டுக்குப் போனேன். மங்களம் பெரியம்மாவின் மகன்கள் இரண்டு பேர் வாசலில் சரத்தைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை உள்ளே, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். "எனக்கு இந்தச் சத்தமே ஆவாது அத்தை. யாருக்காக இவ்வளவு வாங்கினீங்க?" என்று கேட்டார். முன்னாலேயே அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மாப்பிள்ளையிடம் போய் இதையெல்லாம் கேட்பது எங்கள் ஊரில் அகௌரவம். அக்கா கொல்லைப்புறத்தில், ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு நின்றார். இன்ஹேலரைக் குலுக்கி வாயில் வைத்தார். அதில் ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார், போய் வேலையைப் பார் என்பது போல. கவிதா விளக்குமாற்றை எடுத்தபோது எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது. "பெருக்காதடி, நாலு பேர் பாக்கட்டும்."

அடுத்த நாள் மருந்துக்கடை திறந்திருந்தது. அக்கா அந்தக் கடையைத் தாண்டிப் போய் மாப்பிள்ளைக்குக் கறி வாங்கி வந்தார். கையில் மிச்சமிருந்தது அதற்குத்தான் போதும். மகளும் மாப்பிள்ளையும் ஊருக்குக் கிளம்பும் வரை தன் இளைப்பை அவர்களிடம் காட்டிக்கொள்ளவில்லை. இறந்துபோனவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டுகிறேன். அரை அங்குலத் துணிக்காக ஊரோடு சண்டை போட்ட அக்கா, தன் மூச்சுக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரைப் பேசவிடாமல் செய்த தெருவை இன்னும் அதிகமாகத் திட்டுகிறேன். அந்தத் தெருவில்தான் நானும் இருக்கிறேன்.

அக்காவை எடுத்துக்கொண்டு போகும்போது பாடைக்கு முன்னால் மறுபடியும் சரவெடி போட்டார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அங்கேயும் எனக்கு வாய் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து மங்களம் பெரியம்மா கடைக்கு வந்தார். அக்கா இல்லாததால் நான் அளவு எடுத்தேன். "பாவம், நல்ல மனுஷி. மாப்பிள்ளைக்கு ஒரு கொறையும் வைக்கல" என்றார். டேப்பை அவர் தோளில் பிடித்துக்கொண்டே சொன்னேன்: "மருந்து வாங்க வச்சிருந்த காசுலதான் பெரியம்மா வெடி வாங்கினாங்க. நீங்க சொன்னதாலதான் வாங்கினாங்க. நானும் கூடப் போய்த் தூக்கிட்டு வந்தேன்."

கடையில் எல்லா மிஷினும் நின்றுவிட்டன. பெரியம்மா, ரவிக்கை என்றைக்குக் கிடைக்கும் என்று கேட்டார். வியாழக்கிழமை என்றேன்.

முகத்துக்கு நேராகச் சொல்வது. அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். எனக்கு அது வந்தபோது அவர் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது.