கவுண்டருக்கு வெளியே ஒரு மதியம்

ஹெஸ்டர் கிட்டின்ஸ் பிறந்ததே பப்பின் மாடியறையில்தான். கீழே டாமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் குழந்தையின் அழுகுரலைக் கேட்டதும் ஆளுக்கொரு கிளாஸ் ஓசியில் கறந்துவிட்டார்கள் என்று அவள் அப்பா சாகும்வரை புலம்பினார். அவருக்குப் பிறகு ‘மூன்று லாடம்’ என்ற அந்த பப் அவள் தலையில் விழுந்தது. கட்டிக்கொண்டவனும் பீர் பீப்பாய் இறக்க வந்தவன்தான். அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான்.

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஹோப்பாட்ச் கிராமத்தில் அவளுக்குத் தெரியாத குடிமகன் கிடையாது. ஆனால் ஐம்பத்தெட்டு வயதுவரை அவள் இன்னொரு பப்பில் கால் வைத்ததில்லை. எப்படி வைப்பாள்? மதியம் இரண்டரைக்கு மூடு, மாலை ஆறுக்குத் திற என்பது அன்றைய சட்டம். மற்றவர்கள் கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் இவள் கடையும் திறந்திருக்கும். ஜெயில்கூட இத்தனை ஒழுங்காக நடக்குமா என்பது சந்தேகம்தான்.

மூடும் நேரத்தில் மணியை அடித்துவிட்டு அவள் போடும் சத்தம் அக்கம்பக்கத்தில் பிரசித்தம். “நேரமாச்சு! குடிச்சு முடிங்க! உங்களுக்கெல்லாம் வீடு வாசல் இல்லையா?” எவ்வளவு பெரிய வாயாடியும் அதற்குமேல் உட்கார்ந்ததில்லை.

ஓய்வுபெற்ற தபால்காரர் வில்ஃப் ஜூக்ஸ் இவளுக்கு நேர்மாறு. மாவட்டத்தில் ஒரு பப் விடாமல் ஏறி இறங்குவதே அவருக்கு வேலை. சனிக்கிழமையானால் இவள் கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கதை அளப்பார். எந்த ஊர் பப்பில் அடுப்புப் பக்கத்து நாற்காலியைப் பூனை விட்டுக் கொடுக்காது, எங்கே ஊறுகாய் முட்டையைக் கடித்தால் பல் போகும், எல்லாம் அத்துப்படி. ஹெஸ்டர் கிளாஸைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். உள்ளே வயிறு எரியும்.

எண்பத்தாறாம் வருடம் அக்டோபரில் பீர் கம்பெனி ஆள் வந்துபோனான். கட்டடம் கம்பெனியுடையது. ஒப்பந்தம் முடியப்போகிறது. இன்னும் ஐந்து வருடம் நடத்துகிறாளா, காலி செய்கிறாளா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்.

பார்மவுத் கடற்கரையில் இருக்கும் தங்கை நெஸ்டா போனில் விடாமல் நச்சரித்தாள்.

“அக்கா, மாடி ரூமை உனக்காக ஒழிச்சு வெச்சிருக்கேன். ஜன்னலத் தொறந்தா கடல். இன்னும் எத்தன நாளைக்குத்தான் ஊரான் எச்சிக் கிளாஸைக் கழுவிக்கிட்டிருப்ப?”

“வரலாம்டி. வந்து என்ன பண்றது? சும்மா உக்காரத் தெரியுமான்னே எனக்குத் தெரியல.”

அதுதான் அவளை அரித்தது. கடைசியில் தனக்குத்தானே ஒரு பந்தயம் கட்டிக்கொண்டாள். ஒரே ஒரு மதியம் வேறொரு பப்பில் வாடிக்கையாளராக உட்கார வேண்டும். மூடும்போது மற்றவர்களோடு எழுந்து வெளியே வர வேண்டும். முடிந்தால் பார்மவுத். முடியாவிட்டால் இங்கேயே கிடந்து சாக வேண்டியதுதான்.

புதன்கிழமை, வேலைக்கு வரும் ஐரீனிடம் கடையை ஒப்படைத்துவிட்டு வில்ஃபின் காரில் ஏறினாள். வழியில் பந்தயத்தையும் சொல்லிவைத்தாள்.

“அதுக்கு எதுக்கு அம்மணி தொப்பியெல்லாம்? சர்ச்சுக்கா போறோம்?”

“யோவ், வாய மூடிக்கிட்டு ரோட்டப் பாரு.”

முதல் பப்பில் நுழைந்ததும் அவள் கால்கள் நேரே கவுண்டரின் ஓரத்துக்குப் போயின. மடக்குப் பலகையைத் தூக்கி உள்ளே ஒரு காலும் வைத்துவிட்டாள். கல்லாவில் இருந்தவன் கொள்ளைக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். வில்ஃப் பாய்ந்து அவள் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

“அங்க எங்க போற? நாம இந்தப் பக்கம்!”

அவமானத்தில் அவளுக்குக் காது சிவந்துவிட்டது. அங்கே குடிக்கவே இல்லை.

அடுத்தது ‘நரியும் வாத்தும்’. அன்று மாட்டுச்சந்தை நாள். விவசாயிகள் சேற்று பூட்ஸோடு நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். கவுண்டரில் நைஜல் என்ற இளைஞன் தனியாக மல்லுக்கட்டினான். கடையை எடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லையாம். ஹெஸ்டர் அரை பைன்ட் பீரோடு மூலையில் உட்கார்ந்தாள். பக்கத்து மேஜையில் காலிக் கிளாஸ்கள் குவிந்தன. கை துறுதுறுத்தது. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“நல்லா இருக்கா அம்மணி?”

“மூச்சு முட்டுது.”

ஆனாலும் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் கணப்பின் வெப்பம் முழங்காலில் ஏறியது. கடலைப் பார்த்தபடி இப்படியே உட்கார்ந்திருக்கலாம் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அவளுக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

இரண்டரைக்கு நைஜல் மணி அடித்தான். “நேரமாச்சுங்க... கொஞ்சம் கிளம்புறீங்களா...”

ஒருவனும் அசையவில்லை. “தம்பி, நீ போய்ப் பாலக் குடிச்சிட்டுத் தூங்கு, நாங்க பூட்டிக்கறோம்” என்றான் ஒரு தடியன். கூடமே சிரித்தது. பையன் மறுபடியும் மணியை அடித்தான். போலீஸ்காரர் எட்டிப் பார்த்தால் லைசென்ஸ் போய்விடும். வில்ஃப் அவள் காதருகே குனிந்து, “வேணாம் அம்மணி, உக்காரு” என்றார்.

அதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

“நேரமாச்சு! குடிச்சு முடிங்க! உங்களுக்கெல்லாம் வீடு வாசல் இல்லையா?”

தடியன் கிளாஸை ஒரே மடக்கில் காலி செய்தான். தொப்பிகளைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, அடங்கிய பிள்ளைகளாக எல்லோரும் வெளியேறினார்கள். அவள் மட்டும் போகவில்லை. கிளாஸ்களை விரலுக்கொன்றாகக் கோத்து எடுத்தாள். துணியைப் பிடுங்கி மேஜை துடைத்தாள். கூடம் காலியாகும்வரை அவளுக்குத் தன் நினைவே இல்லை. வில்ஃப் கதவருகே காத்து நின்றார்.

நைஜல் சாவிக்கொத்தோடு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“என் உயிரையே காப்பாத்திட்டீங்கம்மா! போதும், துணியக் குடுங்க. ஏம்மா, உங்களுக்கு வீடு வாசல் இல்லையா?”

அவன் வேடிக்கையாகத்தான் கேட்டான். ஹெஸ்டர் மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். ‘மூன்று லாடம்’ கம்பெனியுடையது. அவள் பிறந்த அறையும், படுக்கும் கட்டில் இருக்கும் தரையும் கம்பெனியுடையவை. பார்மவுத் அறை நெஸ்டாவுடையது. ஆயுசு முழுக்க ஊரையே வீட்டுக்கு விரட்டியவளிடம் இதுவரை யாரும் அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்டதில்லை. துணியை அவன் கையில் கொடுத்துவிட்டு, தொப்பியைக்கூட எடுக்காமல் வெளியே வந்து, கார் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

திரும்பும் வழியில் வில்ஃப் மெல்லச் சொன்னார். “பந்தயம் நீயா உன்கூடக் கட்டினதுதான? நான் எதையும் பாக்கல.”

“நான் பாத்தேனே, வில்ஃப்.”

வெள்ளிக்கிழமை கம்பெனி ஆளிடம், இருக்கிறேன் என்றாள். அவன் மகிழ்ச்சியோடு கைகுலுக்கினான். நெஸ்டா போனில் திட்டிவிட்டு அழுதாள்.

சனிக்கிழமை மதியம் ஹோப்பாட்சில் வழக்கமான கூட்டம். இரண்டரைக்கு ஹெஸ்டர் மணியை அடித்தாள்.

“நேரமாச்சு! குடிச்சு முடிங்க!”

எல்லோரும் பாதிக் கிளாஸோடு அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. அவள் முதுகைக் காட்டி நின்று, ஏற்கெனவே துடைத்த கிளாஸையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தாள். வில்ஃப் மட்டும் பீரை அப்படியே வைத்துவிட்டு முதல் ஆளாக எழுந்து போனார். அந்த வரியை அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து யாரும் கேட்கவில்லை.