மல்லாட்டை கேசட்

அவளுக்கு மட்டும் எல்லாம் அமைந்துவிடும். நூலகப் படிப்பில் நாங்கள் ஒரே பெஞ்ச். நான் மூன்று முறை எழுதிக் கிழித்த புத்தகப் பட்டியல் அட்டையை அவள் ஒரே மூச்சில் எழுதி முடிப்பாள். வாத்தியார் அதைத் தூக்கிக் காட்டி, "கையெழுத்துன்னா இப்படி இருக்கணும்" என்பார். எனக்கு வயிறு எரியும். பிறகு ஒரே நிர்வாகத்தின் இரண்டு கல்லூரிகளில் இருவரும் நூலகர் ஆனோம். அவளுக்குத் திண்டிவனம், ஏசி அறை. எனக்கு விழுப்புரம், மழைக்கு ஓதம் ஏறும் சுவர்.

போன வருடம் ஓர் உத்தரவு வந்தது. பழைய வீடியோ கேசட்டுகளைக் கழித்துவிட வேண்டும். அதே பாடம் புதிதாகக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம். கிடைக்காததைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ள வேண்டும். என்னிடம் அப்படி இரண்டு இருந்தன. ஒன்று பட்டமளிப்பு விழா, அதை யாரும் கேட்கப் போவதில்லை. இன்னொன்று எங்கள் தாவரவியல் துறை முகையூர்ப் பக்கம் ஒரு நிலத்தில் எடுத்தது. மல்லாட்டைப் பூ, அதாவது வேர்க்கடலைப் பூ, வாடியதும் விழுது இறங்கி மண்ணுக்குள் போவதை நாள் தவறாமல் போய்ப் படம் பிடித்திருந்தார்கள். பிள்ளைகள் கேட்டு வாங்கிப் பார்த்த ஒரே கேசட் அது. வேறு பிரதி கிடையாது.

கேசட் போட்டுப் பார்க்கும் என் டெக் செத்துப் பல வருடம். ஓடுகிற டெக் யாரிடம் இருக்கும்? அவளிடம்தான். இரண்டு கேசட்டையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

"பூஞ்சை புடிச்சிருக்கான்னு மூடியத் தொறந்து பாத்துட்டுப் போடலாம்" என்றாள்.

"நான் வச்சிருந்தது மேல சந்தேகமா? மாசாமாசம் ஓட்டி ஓட்டி வச்சிக்கினு இருந்தேன்."

டெக் ஓடிய வரைக்கும் அது உண்மை. அதற்குப் பிறகு நான் தொடவேயில்லை. அதை அவளிடம் போய்ச் சொல்வேனா?

பட்டமளிப்பு விழாவை முதலில் போட்டாள். இரண்டு நிமிடம் படம் வந்தது, பிறகு திரை முழுக்க வெள்ளைப் புள்ளி. வெளியே எடுத்து மூடியைத் திறந்தாள். டேப் ஓரமெல்லாம் மாவு தூவியது போலப் பூஞ்சை. ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால் நானும் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். அவள் சொல்லவில்லை.

"டெக்கு ஹெட்டுல பூஞ்சை ஒட்டிக்கினு இருக்கும். துடைக்காம அடுத்தத போட்டா டேப்ப இழுத்துடும். பஞ்சு எடுத்துக்கினு வரேன், இரு."

அவள் பீரோ பக்கம் போனாள். அவள் துடைத்துக் கொடுத்து என் கேசட் ஓட வேண்டுமா என்று ஒரு வீம்பு வந்தது பாருங்கள், மல்லாட்டை கேசட்டை நானே உள்ளே தள்ளிவிட்டேன். கிறீச்சென்று ஒரு சத்தம். அவள் ஓடிவந்து நிறுத்துவதற்குள் டெக் நின்றுவிட்டது. இருவரும் திருகாணியைக் கழற்றி எடுத்தபோது டேப் இடியாப்பமாக வந்தது. தொடக்கத்துக்குச் சுற்றி வைக்காமல், கடைசியாகப் பார்த்தவர்கள் நிறுத்திய நடு இடத்திலேயே அது இருந்திருக்கிறது. நல்லதை வெட்டி ஒட்டி, ஹெட்டைத் துடைத்து ஓட்டினோம். செடி தெரிந்தது, மஞ்சள் பூ தெரிந்தது. விழுது இறங்குகிற இடம் மொத்தமும் போய்விட்டது.

நிர்வாகத்துக்கு அனுப்பும் படிவத்தில், ஏற்ற முடியாததற்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அவள் பேனாவை எடுத்தாள். "என்ன எழுதட்டும்?" என்று கேட்டாள். நான் அறுந்த டேப்பைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டிருந்தேன். அவளே எழுதினாள்: 'டேப் நாள்பட்டது, ஓடும்போது அறுந்தது.' படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் கெடுத்தவர் பெயரைப் போட்டுத்தான் எழுதியிருப்பேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். கையெழுத்துப் போடக் குனிந்தபோது அந்த ஒற்றை வரியைப் பார்த்தேன். பாவி, அதையும் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாள்.