ஆறாம் அத்தியாயத்தில் நிற்கும் டிவி அக்கா

“தம்பி, முதுகுப்பை ஜிப்பு திறந்திருக்கு பாரு… பாரேன்… ம்ஹும், பாக்க மாட்டான்.” மூன்றாவது கேமராத் திரையில் போகிற யாரோ ஒரு பையனிடம் சொல்லிவிட்டு ரொட்டியை வாயில் வைக்கிறாள். கண் திரையிலேயே இருக்கிறது. கை மட்டும் டப்பாவுக்குள் துழாவுகிறது. ஒருநாள் ரொட்டியோடு அதைச் சுற்றியிருந்த காகிதத்தையும் சேர்த்து மென்றாள். “ஏன் சவசவன்னு இருக்குன்னு பாத்தேன்” என்று துப்பினாளே தவிர, அப்போதும் குனியவில்லை.

என்னுடைய வணிக வளாகத்தின் முதல் மாடியில், கேமரா அறையில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருப்பவள். பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. வாயால் யாரும் சொல்வதில்லை. எல்லாருக்கும் அவள் டிவி அக்கா. என் மகளைவிட இரண்டு வயது மூத்தவள், அதனால் உரிமையோடு ‘அவள்’ என்றே எழுதுகிறேன். கேமராக்கள் மேலிருந்து பார்ப்பதால் மனிதர்களை அவளுக்கு உச்சந்தலையால்தான் தெரியும். “உங்க வழுக்கை போன வருஷத்துக்கு இப்ப ரெண்டு விரக்கடை முன்னேறியிருக்கு முதலாளி” என்று ஒருமுறை சொன்னாள். இந்த ஊரில் என்னிடம் அப்படிப் பேசும் துணிச்சல் என் மனைவிக்கு அடுத்து அவளுக்குத்தான்.

கட்டடத்தைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். செங்கல் சுமந்தேன், பிறகு ஆள் வைத்துச் சுமக்க வைத்தேன், கடைசியில் எனக்கென்றே கட்டினேன். மூன்று மாடி, அறுபது கடை. இன்ஜினியர் வரைந்து கொடுத்தார், நான் திருத்தினேன். பின்பக்கப் படிக்கட்டு அப்படி நான் சேர்த்ததுதான். முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே அது திரும்பும் இடத்தில் கேமரா கிடையாது. மாட்ட வந்தவனை நானே திருப்பி அனுப்பினேன். “நான் நின்னு கட்டின படி. இதுல என்ன திருட்டு நடந்துடப் போவுது?” என்று கேட்டேன்.

அவள் மேசையில் நான்கு நோட்டுகள் இருக்கும். வருகைப் பதிவேடு என்று நினைத்துப் புரட்டினால், நாவல்! பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் படிப்பதற்கான நாவலாம். வேலை நேரத்தில் என்ன கதை என்று ஒரு சத்தம் போட்டேன். “திரையை விட்டு என் கண்ணு நகந்துச்சுன்னா சொல்லுங்க முதலாளி, நோட்டை நானே கிழிச்சுப் போட்டுடறேன்” என்றாள். அரைமணி நேரம் நின்று பார்த்தேன், நகரவில்லை. பார்க்காமலே எழுதுவதால் வரிகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறிக் கிடக்கின்றன.

ஐந்து அத்தியாயம் முடித்துவிட்டாள். ஆறாவதில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி படியேறுகிறாள், பின்னால் ஒருவன் வருகிறான். அந்த ஒரே அத்தியாயம்தான் நான்கு நோட்டிலும் இருக்கிறது. ஒன்றில் ‘நான் ஏறினேன்’, இன்னொன்றில் ‘நான் ஏறுகிறேன்’, அடுத்ததில் ‘அவள் ஏறினாள்’, கடைசியில் ‘அவள் ஏறுகிறாள்’. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எப்படி ஏறினாலும் படி அதேதானேம்மா?” என்றேன்.

“அதெப்படி? ‘நான் ஏறினேன்’னு ஒருத்தி சொன்னா, உயிரோட உக்காந்து சொல்றான்னுதானே அர்த்தம்? படிக்கிற புள்ள காலை நீட்டிப் படுத்துக்கும். உங்க கதையெல்லாம் அந்த ரகம்தான். ‘சாரத்துலேருந்து விழுந்தேன்’னு ஆரம்பிப்பீங்க. எதிர்ல குத்துக்கல்லாட்டம் நீங்களே நிக்கறீங்க. எனக்கு எங்கேருந்து பதறும்?”

எனக்குச் சுருக்கென்றது. மூன்றாள் உயரத்திலிருந்து விழுந்து, மறுநாளே வேலைக்கு வந்த கதை அது. கேட்டவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்திருக்கிறார்கள்.

“சரி, அது ‘நான்’. ‘அவள்’னு எழுதிட்டுப் போயேன்.”

“எழுதினா படிக்கிற புள்ள என் நாற்காலியில வந்து உக்காந்துடும். பின்னால வர்றவன் தெரிவான். கத்தலாம், அங்க கேக்காது. ‘நான்’னு எழுதினா அந்தப் புள்ளையே படியில நிக்கும், பின்னால யாருன்னு தெரியாது. எதுல திரும்பிப் பாக்கும்? அதான் பிடிபட மாட்டேங்குது.” சொல்லிவிட்டு உள்ளங்கையை முழங்காலில் துடைத்துக்கொண்டாள். வியர்வை.

கதை எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் மாடிக் கணக்கு டியூஷனுக்குச் செவ்வாயும் வெள்ளியும் மாலை ஐந்தரைக்கு ஒரு பெண் வருகிறது. லிஃப்டில் கூட்டம் என்று பின்படியில் ஏறுகிறது. மூன்று வாரமாக ஒரு சாம்பல் சட்டைக்காரன் கடிகாரக் கடை வாசலில் நிற்கிறான், ஆனால் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. அந்தப் பெண் படிக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் அவனும் நுழைகிறான்.

டிவி அக்கா வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறாள். “படி ஏறறது ஒரு குத்தமாக்கா?” என்றானாம். பிறகு மாற்று ஆள் வந்ததும் என்னிடம் வந்தாள். ரெக்கார்டிங்கைப் போடச் சொன்னேன். பெண் உள்ளே போகிறது, இருபது எண்ணுவதற்குள் இரண்டாம் மாடித் திரையில் வெளியே வந்து மேலே ஏறுகிறது. அப்புறம் அவன் வருகிறான், வேறு பக்கம் போய்விடுகிறான். அவ்வளவுதான். “கதை எழுதி எழுதி உனக்குக் காண்றவனெல்லாம் வில்லனாத் தெரியறான். போய் வேலையைப் பாரும்மா” என்றேன். கடைக்காரர்கள் நாலைந்து பேர் பக்கத்தில் இருந்தார்கள். நன்றாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டு நாள் கழித்து அவளே பேசினாள். “நீங்க சொல்றதுதான் நெசமோ என்னமோ. பாத்ததை எழுதறேனா, எழுதினதைப் பாக்கறேனான்னு எனக்கே குழம்புது. திரும்பப் போட்டுப் பாத்தா ஒண்ணுமே இல்ல. புள்ள பத்திரமா வெளிய வருதுன்னு முன்னாடியே தெரிஞ்சு போச்சே! நேரா பாக்கறப்பத்தான் முதலாளி, வாய் தானா எண்ண ஆரம்பிச்சுடுது.”

போன வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு அந்த அறைக்குப் போனேன். சாரக் கதை உறுத்திக்கொண்டே இருந்தது. வேறொன்று சொல்லி அவளைப் பதற வைக்காமல் விடுவதில்லை என்று போனேன். வாயைத் திறப்பதற்குள், “உக்காருங்க, பேசாதீங்க” என்றாள். அதுவும் என்னிடம்! உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை, நடந்து முடிந்ததாக எழுத எனக்குக் கை வரவில்லை.

முதல் மாடித் திரையில் அந்தப் பெண் படிக்குள் நுழைகிறது. காதில் பாட்டுக் கேட்கும் ஒயர் மாட்டியிருக்கிறது. எட்டு எண்ணுவதற்குள் சாம்பல் சட்டை. இன்று அவன் கடிகாரக் கடையில் நிற்கவில்லை, நேராக வருகிறான். நுழையுமுன் தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்க்கிறான். முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்க்கிறேன். டிவி அக்காவின் உதடு எண்ணிக்கொண்டிருக்கிறது. பதினெட்டு. இருபது. இரண்டாம் மாடித் திரையில் யாரும் இல்லை, சுவர் மட்டும் தெரிகிறது. இருபத்தைந்து. “செருப்பு வாரு அறுந்திருக்கும்” என்கிறேன். சொன்னதை நானே நம்பவில்லை. முப்பது. முப்பத்தொன்று.

சக்கரம் வைத்த அவள் நாற்காலி உருண்டு வந்து என் முழங்காலில் இடிக்கிறது. நாற்காலியில் அவள் இல்லை. மாற்று ஆள் வராமல் அவள் எழுந்து நான் பார்த்ததே இல்லை.

வாட்ச்மேனைக் கூப்பிட உள் போனை எடுக்கிறேன். விரல் எந்த எண்ணை அமுக்கியதோ, “தையல் கடைங்க, யாரு?” என்கிறது ஒரு குரல். “யாரா இருந்தா என்னய்யா, பின்படிக்கு ஓடு!” என்று கத்துகிறேன்.

திரையில் டிவி அக்கா ஓடி வருகிறாள், காலில் செருப்பில்லை. படிக்குள் போய்விட்டாள். இப்போது மூன்று பேரும் நான் கட்டிய இடத்துக்குள் இருக்கிறார்கள். மற்றத் திரைகளில் எல்லாம் வழக்கம்போல நடக்கிறது. லிஃப்ட் வாசலில் ஒரு குழந்தை சத்தமில்லாமல் அழுகிறது. ஒருவர் குடையை உதறுகிறார். அந்தத் திருப்பத்தில் எத்தனை படி, சுவர் எத்தனை அங்குலக் கனம் எல்லாம் எனக்குத் தெரியும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. எழுந்து ஓட வேண்டும், ஆனால் கண்ணை எடுத்தால் ஏதாவது ஆகிவிடும் போல இருக்கிறது.

இரண்டாம் மாடித் திரையில் ஒரு பை தெரிகிறது. பையை மார்போடு கட்டிப் பிடித்தபடி அந்தப் பெண். ஒரு காதிலிருந்து ஒயர் தொங்குகிறது. கடைகள் இருக்கும் பக்கம் ஓடித் திரையை விட்டு வெளியே போகிறது.

அதற்குப் பிறகு ஒரு முதுகு. டிவி அக்கா இரண்டு கைகளையும் அகல விரித்து, இரண்டு பக்கக் கைப்பிடிகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு, கீழே இருப்பவனை விட்டுக் கண்ணை எடுக்காமல், குதிகாலால் ஒவ்வொரு படியாகத் தடவித் தடவி, பின்பக்கமாகவே ஏறி வருகிறாள்.