கோமாரி ஊசி போட்ட நாள்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றும் வேலப்பனுக்கு இரண்டு பசுக்கள். ஊசி போட்டால் பால் குறையும் என்று போன தடவை முகாமுக்கு அவற்றை ஓட்டிப்போகவில்லை. அடுத்த மாதமே கோமாரி நோய் வந்தது. பசுக்கள் வாய்ப்புண்ணோடு தப்பின; பால்குடிக் கன்று செத்துப்போனது.

இந்தத் தடவை காலையிலேயே பசுக்களோடு தெருமுனைக்கு வந்துவிட்டான். பத்து மணியாகியும் ஊசி போடும் யசோதரா வரவில்லை. நிலைகொள்ளாமல், கயிற்றை மனைவி வரலட்சுமியிடம் கொடுத்துவிட்டு எண்ணூர் சாலைக்கு ஓடினான். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அவளுடைய ஸ்கூட்டர் மாட்டியிருந்தது.

"இன்னா மேடம், இங்கியே நின்னுகினு கீறீங்க?"

"நகர முடியலண்ணே. ஐஸ் கரைஞ்சா மருந்து கெட்டுடும்."

வேலப்பன் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். ஸ்கூட்டரை ஒரு டீக்கடையில் விட்டுவிட்டு அவள் பின்னால் ஓடிவந்தாள்.

இரண்டு பசுக்களுக்கும் ஊசி போட்டாயிற்று.

"இனிமே வராதுல்ல மேடம்?"

"மருந்து புடிக்க ரெண்டு வாரம் ஆகும்ணே. அதுவரைக்கும் வேற மாட்டோட சேர்க்காதீங்க."

அன்று மாலை பால் ஒரு லிட்டர் குறைந்தது. வேலப்பன் அதைக் கவனிக்கவே இல்லை. ஒரு பசுவின் வாயைத் திறந்து, புண் இருக்கிறதா என்று நாக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்த சும்மா வுடுய்யா," என்றாள் வரலட்சுமி.

கொஞ்ச நேரம் உட்கார்ந்தான். பிறகு எழுந்துபோய் அடுத்த பசுவின் வாயைத் திறந்தான்.