நத்தைக்கு யார் எமன்?

இந்தப் புரட்டாசியில் ஒரு கேள்வி எங்களைத் திணறடித்துவிட்டது. நத்தையை யார் கொல்வது?

சிரிக்காதீர்கள். ஜொகூரின் கெலாங் பாத்தாவில், நாங்கள் குடியிருக்கும் தாமானின் வீட்டு வரிசைகளுக்குப் பின்னால், ஒரு துண்டு நிலத்தில் சில குடும்பங்கள் சேர்ந்து இயற்கை விவசாயம் செய்கிறோம். பூச்சிமருந்தே கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது... ஆனால் மருந்து அடிக்காவிட்டால் நத்தையைக் கையால் பொறுக்கி உப்புத்தண்ணீர் வாளியில் போட வேண்டும். வழக்கமாக அதைச் செய்வது சரோஜா அக்கா. ஈவிரக்கமே பார்க்க மாட்டார்.

புரட்டாசி பிறந்தது. அக்கா விரதம். நானும் விரதம். பக்கத்துப் பாத்திக்காரர்களும் விரதம்! முட்டைகூடத் தொடாத மாதத்தில் உயிர்க்கொலையா?

நத்தைகளுக்குச் சேதி எட்டியிருக்க வேண்டும். குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டன. நானோ, கடைசிச் சனிக்கிழமை பெருமாள் கோயில் அன்னதானத்துக்கு எங்கள் தோட்டத்துக் கீரைதான் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தேன். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால், இலையெல்லாம் சல்லடை. கோயிலில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

அக்கா நத்தைகளைப் பொறுக்கி, பின்பக்கப் புல்வெளியில் பத்திரமாக விட்டுவந்தார். அவையும் பத்திரமாகத் திரும்பி வந்தன.

அப்போதுதான் எல்லோர் கண்ணும் சேவியர் அண்ணன் பக்கம் திரும்பியது. சிங்கப்பூரில் வேலை, லீவு நாளில் தோட்டம். எங்கள் குழுவில் புரட்டாசி இல்லாத ஒரே ஆள்.

"அண்ணே, நீங்க சர்ச்சுக்குப் போறவங்க... உங்களுக்குத்தான் விரதம் இல்லையே. நீங்க வாளியில போட்டுருங்களேன்" என்றார் அக்கா, குரலில் தேன் ஒழுக.

"அலமாக்! ஏன்க்கா, பாவம் எனக்கு மட்டும் ஒட்டாதா? கீரை உங்களுக்கு, கொலை எனக்கா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நம் கை சுத்தமாக இருக்கப் பக்கத்தில் இருப்பவர் கையைத் தேடுகிறோமே — இது என்ன நியாயம்? 'விஷமில்லாத காய்கறி' என்று பெருமையடிக்கும்போது இதையெல்லாம் யார் யோசிக்கிறோம்?

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்த கையோடு அண்ணன் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே இரண்டு வாத்துகள்!

"இதுங்களுக்கு மதமே இல்ல லா. கவலப்படாதீங்க" என்றார்.

வாத்துகள் நத்தைகளை விழுங்கித் தள்ளின. விட்டால் கீரையையும் விழுங்கியிருக்கும். அதனால் விரதக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கொரு குச்சியோடு பாத்திக்குக் காவல் நின்றோம். கீரை மறுபடி துளிர்த்தது. எனக்கும் உயிர் வந்தது.

கடைசிச் சனிக்கிழமை அன்னதானத்தில் கீரைக் கூட்டு அமர்க்களம். "சுத்த சைவம்" என்று மைக்கில் சொன்னபோது மட்டும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்காவோ கொஞ்சமும் அசராமல், சேவியர் அண்ணன் இலையில் இன்னும் இரண்டு கரண்டி போட்டார்.

நேற்று ஐப்பசி பிறந்தது. அக்கா வாத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தீபாவளி வருது... ரெண்டும் நல்லா கொழுகொழுன்னு ஆயிருச்சு இல்ல?"

அண்ணன் பதறிப்போய் இரண்டையும் வாரி எடுத்துக்கொண்டார். "அக்கா! இதுங்க நம்ம மெம்பருங்க லா!"

எங்கள் தோட்டத்தில் இப்போது விரதம் சேவியர் அண்ணனுக்கு.