தலைவர் கழுத்தில் தும்பு

அவர் செத்துப்போன சேதி வந்த அன்றைக்கு மதுரையில் கடைகளை அடைத்தார்களாம். கம்பத்திலும் பாதிக் கடை அடைப்பு. நான் வெல்லம் வாங்கிவரச் சொல்லிப் பாயசம் வைத்தேன். மருமகள் முகத்தைச் சுளித்தாள். சுளிக்கட்டும். அவள் வாக்கப்பட்டு வருவதற்கு முன்னால் நடந்தது அவளுக்கு என்ன தெரியும்?

பத்திரிகையில் அவர் ஏறிய படிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். வக்கீலானது, தாலுகா போர்டு மெம்பரானது, தேசமெல்லாம் கூடிய மகாசபையில் குடியானவனுக்காகப் பேசியது, சென்னைச் சட்டசபைக்குப் போனது, அங்கிருந்து கல்கத்தாவுக்குப் போய் லாட்டு துரை முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. அந்தப் படிகளில் ஒன்று எங்கள் முதுகு என்று எழுத அவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்கும் எழுத்துத் தெரியும். என் அப்பா கம்பத்தில் பிள்ளைகளை மணலில் எழுதவைத்துப் பாடம் சொன்னவர். அதனால் விட்டுப்போனதை நான் எழுதுகிறேன். அவர், இவர் என்று எழுதுவது மரியாதைக்கு இல்லை, கைப் பழக்கம்.

என் வீட்டுக்காரர் சாமி மாட்டுத் தொழுவின் காவல்காரர். அந்த மாடுகள் சாமிக்கு நேர்ந்துவிட்டவை. யாரும் ஏரில் பூட்டமாட்டார்கள், பால் கறந்து விற்கமாட்டார்கள். மந்தைக்கு ஒரு பட்டத்துக்காளை உண்டு. அதுதான் எங்களுக்கு ராஜா. கோடை வந்தால் கீழே புல் கருகிவிடும். மந்தையை மலைக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கு ஒரே ஒரு பாதைதான் இருந்தது. அந்தப் பாதை இல்லையென்றால் மந்தை இல்லை.

அந்த வருஷங்களில்தான் சர்க்கார் மலைக்காட்டைச் சுற்றி எல்லைக்கல் நட்டது. காட்டுக்குள் யாருக்காவது பாத்தியம் இருந்தால் துரை வந்து விசாரிக்கும்போது சொல்ல வேண்டும், சொல்லாதவர்களுக்குப் போனது போனதுதான் என்று தமுக்கடித்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். என் வீட்டுக்காரர்தான் இந்த வக்கீலைக் கூட்டிவந்தார். அப்போது அவர் சின்ன வக்கீல். கோட்டு கூடப் பழசு. நல்ல மனுஷர், நம்பலாம் என்று என் வீட்டுக்காரர் எல்லோர் முன்னாலும் பொறுப்பேற்றுச் சொன்னார்.

எங்கள் தொழுவில் வார்த்தை கொடுக்க ஒரு முறை உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், பட்டத்துக்காளையின் நெற்றியில் வலது கையை வைத்துச் சொல்ல வேண்டும். வக்கீலும் அப்படியே செய்தார். விசாரணை அன்றைக்கு வந்து நின்று பாதையை வாங்கித்தருகிறேன் என்று காளையின் நெற்றியில் கை வைத்துச் சொன்னதை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். காளை தலையை அசைக்காமல் நின்றது. அது பாவம், வாயில்லாச் சீவன்.

விசாரணை உத்தமபாளையத்தில் கூடாரம் போட்டு நடந்தது. விடிந்ததிலிருந்து எங்கள் ஆட்கள் காத்துக் கிடந்தார்கள். வக்கீல் வரவில்லை. உச்சிப்பொழுதுக்கு அவருடைய குமாஸ்தா மட்டும் குடையோடு வந்து, ஐயா வடக்கே மகாசபைக்கு ரயிலேறிவிட்டார், கடைசி நேரத்தில் ஓர் இடம் கிடைத்தது, நழுவவிட மனசில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். எங்கள் நாட்டாமை துரை முன்னால் எழுந்து நின்று கும்பிட்டார். பாட்டன் காலத்திலிருந்து போகிற பாதை என்பதைத் தவிர அவருக்கு வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை. துரை தலையை ஆட்டிக்கொண்டே அடுத்த ஊரைக் கூப்பிட்டார். பாதை போயிற்று.

அதோடு விட்டாரா மனுஷர்? மகாசபையில் அவர் என்ன பேசினார் தெரியுமா? மலையடிவாரத்து மாடுகள் காட்டு வாசலில் நின்று கதறுவதைப் பற்றிப் பேசினார். இங்கிலீஷில் பேசினாராம், கைதட்டல் அடங்க நேரமானதாம். தமிழ்ப் பத்திரிகையில் வந்ததைக் கம்பம் சந்தையில் ஒருவர் உரக்கப் படித்தார். புளி நிறுத்துக்கொண்டிருந்த நான் தராசைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் மாட்டை அம்போவென்று விட்டுப்போன வாய், எங்கள் மாட்டைச் சொல்லியே கைதட்டு வாங்கியிருக்கிறது. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இந்த ஆளை நான் விடப்போவதில்லை என்று.

அடுத்த கோடை பொல்லாத கோடை. மலை மேலே அணை கட்டும் வேலைக்குச் சுண்ணாம்பு ஏற்றிய வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. வண்டி மாடு போகலாம், எங்கள் மாடு போகக் கூடாது. மீறிப் போனவற்றைக் காட்டுக் காவலாளிகள் பிடித்துச் சர்க்கார் பவுண்டுப் பட்டியில் அடைத்தார்கள். கன்றுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசியில் பட்டத்துக்காளையும் பாதை வாயில் முன்னங்காலை மடித்து உட்கார்ந்தது, எழுந்திருக்கவில்லை. என் வீட்டுக்காரர் பெற்ற பிள்ளையைப் புதைப்பதுபோல் குழி தோண்டி உப்பும் மஞ்சளும் போட்டுப் புதைத்தார். அதற்கப்புறம் அவர் பேச்சே குறைந்துபோயிற்று. வக்கீலைத் திட்டவும் மாட்டார். கூட்டிவந்தவன் நான்தானே என்பார், சோற்றில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார்.

இரண்டொரு வருஷம் கழித்துப் புதுப் பட்டத்துக்காளையைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. மஞ்சள் பூசிய கரும்புக்கட்டை மந்தைக்கு முன்னால் வைப்பார்கள். எந்தக் காளைக்கன்று தானாக வந்து கரும்பில் வாய் வைக்கிறதோ அதுதான் ராஜா. நம் வக்கீல் அந்தச் சமயத்தில் சென்னைச் சட்டசபைக்கு நின்றுகொண்டிருந்தார். போர்டு மெம்பர்கள் ஓட்டுப் போட வேண்டும். எங்கள் பள்ளத்தாக்கு மெம்பர்கள் நாட்டாமை சொல்வதைத் தாண்டமாட்டார்கள். தொழுவில் வைத்துப் பரிவட்டம் கட்டிவிட்டால் ஓட்டு விழுந்த மாதிரிதான். ஆகவே தானாகவே வருகிறேன் என்று ஆள் அனுப்பினார். பெரிய மனுஷர் வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லும் தைரியம் நாட்டாமைக்கு இல்லை.

மாலை கட்டும் வேலை என்னுடையது.

எங்கள் தொழுவில் இன்னொரு முறையும் உண்டு. காளையின் மேல் பொய்ச் சத்தியம் செய்தவன், கன்று கட்டும் கயிறான தும்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சபை முன்னால் நிற்க வேண்டும். தும்பை ஏற்றுக்கொண்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று அர்த்தம். எதைக் கெடுத்தானோ அதைச் சரிக்கட்டும்வரை அவனுக்கு எந்த மரியாதையும் கிடையாது. பள்ளத்தாக்கில் பால் குடிக்கும் பிள்ளைக்குக்கூட இது தெரியும். மதுரைக்குக் குடிபோய்விட்ட வக்கீலுக்குத் தெரியாது. செத்த காளையின் கன்று ஒன்று அந்தக் கோடையில் போனதே, அதன் தும்பை எடுத்து உள்ளே வைத்து மேலே அரளியும் செவ்வந்தியும் சுற்றிக் கட்டினேன். பூவை வேண்டுமென்றே தளர்வாகக் கட்டினேன். என் வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை. மாலை போட வேண்டியவர் அவர், தெரிந்தால் போடமாட்டார்.

வந்தார். வில்வண்டி, சரிகைத் தலைப்பாகை, பின்னால் நாலு பேர். புதுக் காளைக்கன்று கரும்பைக் கடித்து முடித்ததும் என் வீட்டுக்காரர் மாலையைப் போட்டார். வக்கீல் பேச ஆரம்பித்தார். மகாசபை பழக்கம் அல்லவா, கையை ஓங்கி ஓங்கிப் பேசினார். ஓங்க ஓங்கப் பூ உதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் சரிகைத் தலைப்பாகைக்குக் கீழே வெறும் தும்பு மட்டும் தொங்கியது. கூட்டம் கழுத்தை நீட்டி அதையே பார்த்தது. என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் தாழ்த்தவில்லை.

வக்கீலும் குனிந்து பார்த்தார். கெட்டிக்காரர், ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. சிரித்துக்கொண்டே தும்பை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். "உங்க தொழுவத்து மாட்டுல ஒண்ணா என்னைய நெனைச்சுக் கட்டுன கயிறு இது. பூமாலையைவிட இதுதான் எனக்குப் பெருமை. மனசார ஏத்துக்கிறேன்" என்றார்.

போதுமே! இதைவிட எனக்கு என்ன வேண்டும்? சபை முன்னால், தன் வாயால்.

நாட்டாமை தட்டிலிருந்த பரிவட்டத்தை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பயந்தாங்கொள்ளி மனுஷர், ஆனால் முறை என்று வந்துவிட்டால் அவருக்குச் சர்க்காரும் ஒன்றுதான், சாமியும் ஒன்றுதான்.

"தும்பை ஏத்துக்கிட்டீக. பாதையைத் திறந்துவிட்டுட்டு வாங்க. இந்தத் துணி இங்கனயே இருக்கும்" என்றார்.

அருகில் இருந்தவர்கள் காதில் ஓதித்தான் வக்கீலுக்கு விஷயம் புரிந்தது. முகம் சுண்டிப்போயிற்று. கழற்றிப் போடவும் முடியாது. பெருமை என்று சொல்லியாயிற்று. போர்டு மெம்பர்கள் எல்லாம் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். தும்போடு வண்டியேறினார். வண்டி மறையும்வரை நின்று பார்த்தேன். எத்தனை வருஷத்துப் பசி எனக்கு, அன்றைக்கு வயிறார இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

அடுத்த கோடைக்கு முன்னால் பாதை திறந்துவிட்டது. யாரோ ஒரு துரையிடம் விருந்தில் ஒரு வார்த்தை சொன்னாராம், அவ்வளவுதான் வேலை. இதுதான் என்னை மறுபடியும் எரித்தது. ஒரு வார்த்தையில் முடிகிற காரியத்துக்கா எங்கள் காளை காலை மடித்து உட்கார்ந்தது?

மந்தை மலையேறியது. பரிவட்டம் கட்டினார்கள். ஓட்டு விழுந்தது. அவர் சென்னைக்குப் போனார், அங்கிருந்து கல்கத்தாவுக்கும் போனார். போன இடமெல்லாம் தும்புக் கதையைச் சொன்னார்: குடியானவர்கள் அன்போடு தன் கழுத்தில் மாட்டுக் கயிறு போட்டார்களாம், தான் கண்ணீர் விட்டாராம். பத்திரிகையில் அதற்கும் ஒரு பத்தி உண்டு. போதாததற்குப் பாதை வாயில், எங்கள் காளை விழுந்த அதே இடத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு தூண் எழுப்பி, கோசம்ரட்சகர், குடியானவர் பந்து என்று, மாட்டைக் காத்தவராம், எங்களுக்கு உறவாம், பட்டங்களைக் கீழேயும் தன் பெயரை உச்சியிலும் சாந்தில் எழுத்து வைத்துவிட்டுப் போனார். கல்லில் வெட்டினால் செலவு என்று சுண்ணாம்புச் சாந்து.

ஊரில் ஒருவரும் வாய் திறக்க முடியாது. தும்பை ஏற்றுச் சரிக்கட்டியவனைக் குறை சொல்லக் கூடாது என்பதும் தொழுவின் முறைதான். நானும் வாயைத் திறக்கவில்லை. மந்தை மலையேறும் நாட்களில் முந்தானையில் உப்பை முடிந்துகொண்டு முன்னால் போவேன். உப்பைத் தண்ணீரில் குழைத்து அந்த எழுத்துகளின் மேல் அப்பிவிட்டு ஒதுங்கி நிற்பேன். மாட்டு நாக்கு அரம் மாதிரி. உப்பு என்றால் விடாது. முதல் வருஷம் ரட்சகர் போனார். அடுத்த வருஷம் பந்து போனார்.

மூன்றாவது தடவை என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்து நானும் நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவர் தூணை மேலும் கீழும் பார்த்தார். என் கையிலிருந்த உப்பை வாங்கிக்கொண்டார்.

"ஏ புள்ள, பேரு மேல இருக்கு. பசுமாட்டுக்கு எட்டாது. காளையை ஓட்டிட்டு வா" என்றார்.

பட்டத்துக்காளை அப்போது நன்றாக வளர்ந்திருந்தது. எட்டி அப்பியிருந்த உப்பை மோந்து பார்த்தது. பிறகு கழுத்தை நீட்டி நக்க ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் உப்பு தீரத் தீர அப்பிக்கொண்டே இருந்தார்.