மழை பிடிக்கிற ஷாஹீதா

உத்திரமேரூர் பஜாரில் பாத்திரக்கடை மீரான் மைதீன் மனைவி என்று கேட்டால் இப்போதெல்லாம் யோசிப்பார்கள். மழை பிடிக்கிற ஷாஹீதா என்றால்தான் வீட்டைக் காட்டுவார்கள்.

மழையோடு இறங்கும் அழுக்கு கடலை என்ன பாடுபடுத்துகிறது என்று அளக்கிற ஆராய்ச்சிக் குழு, அவள் வீட்டு மொட்டை மாடியில் புனலும் பாட்டிலும் வைத்து இரண்டு வருஷமாகிறது. மழை தொடங்கியதும் மூடியைத் திறக்க வேண்டும், விட்டதும் மூட வேண்டும். இதற்காகக் கல்யாண விருந்தில் பாதியில் எழுந்து ஓடியிருக்கிறாள். எட்டு ஊர் மழையில் உங்கள் மழையில்தான் பாஸ்பேட் அதிகம், அது மிஞ்சினால் கடலில் பாசி மண்டி மீன் செத்துப்போகும் என்று குழுவிலிருக்கும் ஷாரோன் சொன்ன நாளிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வயலுக்குப் போடும் உரம்தான் காற்றில் ஏறி வருகிறது என்று கட்டுரையும் எழுதி அனுப்பியாயிற்று.

நான்கு மாதம் வறண்டு கிடந்த பிறகு, அன்று பிற்பகல் வானம் கறுத்தது. முதல் மழைதான் அழுக்கையெல்லாம் வாரிக்கொண்டு வரும், விட்டால் போச்சு. பாலாறு கடலில் சேருமிடத்தில், மழைக்குப் பிறகு கடல் நீர் எடுக்க ஷாரோன் படகில் காத்திருந்தாள். ஷாஹீதா முழங்காலைப் படியில் இடித்துக்கொண்டு ஏறி, முதல் துளிக்கே மூடியைத் திறந்துவிட்டாள். பாட்டில் பாதி நிறைந்தது. உள்ளே நுரை.

கீழே ஓடி, பாட்டிலை யார் தொட்டது என்று மாமியார் உம்முல் குல்சுமிடம் கேட்டாள்.

"நான்தான். ஒரே மருந்து நாத்தம் அடிச்சிக்கினு இருந்திச்சி. வெளக்குற பொடி போட்டு நாலு தேய் தேய்ச்சேன். தண்ணி இல்லாத காலம், சரியா அலச முடியல."

அந்தப் பொடியிலேயே பாஸ்பேட் உண்டு. குழு கழுவி அனுப்பும் பாட்டிலில் வேறெதுவும் படக்கூடாது என்று ஷாரோன் முதல் நாளே எச்சரித்திருந்தாள். அதை வீட்டில் சொல்லாமல் விட்டது ஷாஹீதாவின் தப்பு.

படகிலிருந்து ஷாரோனின் போன் வந்தது. மறைத்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. ஆனால் பொடி பட்டுவிட்டது, இதைச் சேர்க்காதே என்று சொல்லிவிட்டாள்.

"இந்த ஒண்ணு மட்டும்தானே அக்கா?" என்றாள் ஷாரோன்.

ஷாஹீதாவுக்கு மாமியாரிடம் கேட்கவே பயமாக இருந்தது. கேட்டாள்.

"இன்னா கேள்வி இது? ரெண்டு வருசமா எல்லாத்தையும் நான்தான் வெளக்கி வெக்கிறேன். அழுக்கு பாட்டில்ல புடிச்சான்னு உன் பேரு கெட்டுடக் கூடாதில்ல."

ஷாஹீதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமியார் மேல் கோபப்படவும் முடியவில்லை.

"எல்லாமேதான் ஷாரோன்," என்றாள் போனில். "அந்தக் கட்டுரைய நிறுத்திடு."